பன்னிரண்டுக்கு மேல்

கை எப்ப நடுங்குதுன்னு கேக்கீய.
உசரத்துல நிக்கும்போதோன்னு ஒங்களுக்கு நெனப்பு,
சீட்டுல காத்தாடி மெக்கானிக்குன்னு போட்டிருக்குல்லா.

இல்ல டாக்டர்.
பணகுடிக்கு மேக்க, எண்பது மீட்டர் தூணுக்குள்ள,
இருநூத்தி எண்பத்தாறு படி.
ஏறும்போது நெஞ்சு அடிக்கும். அது வேற.
வண்டி ஓடுதுன்னு சொல்லுத சத்தம் அது.
மூடியத் தள்ளித் தலைய நீட்டினா
மகேந்திரகிரி தோள் பக்கத்துல நிக்கும்,
தெக்க ஒரு நூலா கடல்,
கீழ ஆடு மேய்க்கவரு கொடை
கடுகு மாதிரி நகரும்.
அந்தப் பயம் எனக்குப் பழக்கப்பட்டது.
அதுக்குக் கொக்கி உண்டு, கயிறு உண்டு.
காத்து பன்னிரண்டத் தாண்டினா
ஏறக் கூடாதுன்னு சட்டமே உண்டு.
மீட்டரப் பாத்துட்டு இறங்கி வந்துரலாம்.

நடுங்குதது வீட்டுல வச்சு.
காலையில ஒம்பதேகாலு,
டேபிள்ல போன் அதிரும்,
பக்கத்துல டம்ளர்த் தண்ணி அதிரும்,
அப்புறம் நான்.

போன வருசம் போர் போட்டோம்.
அறுநூறு அடி.
வெள்ளப் பொடிதான் வந்துது, கோலமாவு கணக்கா,
வண்டிக்காரன் புருவத்துல, வேப்ப மரத்துல,
கொடியில கெடந்த பிள்ளைக்க யூனிபார்ம்ல.
லீலா மூணு தடவ அலசினா.
தண்ணி வரல.
வட்டி மட்டும் ஊறுது.

கம்பெனியில எனக்கு ஒரு சர்ட்டிபிகேட் குடுத்தாங்க,
"ஆர்வம் மிக்க ஊழியர்"னு, கண்ணாடி போட்டு.
அடுத்தவன் முறைக்கும் நானே ஏறுவேன்லா, அதுக்கு.
ஆர்வம் என்ன ஆர்வம்.
போன ஜீப்புல வச்சிட்டுத்தான் ஏறணும்.
மூணு மணி நேரம்
என்னைய யாரும் கூப்பிட முடியாது.

அன்னைக்கு மறந்துட்டேன்.
நூத்தி நாப்பதாவது படி,
பேன்ட் பையில அது துடிச்சுது.
காலு இருக்குன்னே தெரியல எனக்கு.
கயித்துல தொங்குதேன், மூச்சு மேலயே நிக்கி.
கீழருந்து ஞானதிரவியம்,
"வே, உள்ள இழுக்காதயும், வெளிய விடும்! வெளிய விடும்!"
தூணு முழுக்க அவன் சத்தம் உருளுது.
விட்டேன்.
எத்தன மாசத்து மூச்சோ.

இறங்கியிருக்கணும். ஏறினேன்.
ஏன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.
மேல நாலு கோடு சிக்னல்.
நானே கூப்பிட்டேன்.

பொம்பளப் பிள்ளைக்க குரல்.
எழுதி வச்சத வாசிக்கா:
தவணை, அபராதம், நடவடிக்கை.
நடுவுல நிறுத்திட்டு,
"அது என்ன சார் இரைச்சல்?"
காத்தும்மா. காத்தாடிக்க உச்சியில நிக்கேன்.
ஒண்ணும் பேசல.
அந்தப் பக்கம் யாரோ கத்துதான்,
நாப்பது காலு முடியல, அதுக்குள்ள என்ன பேச்சுன்னு.
அப்பதான் கேட்டேன் டாக்டர்,
அவ மூச்சும் மேலயே நிக்கி.
"சார்," மெதுவா சொல்லுதா,
"கம்பியப் பிடிச்சிருக்கீங்கல்ல?
இறங்கிட்டே பேசுங்க. நான் வைக்கேன்."
வைக்கேன்னு சொன்னா பாத்தீயளா,
எங்கயோ நம்ம பக்கத்துப் பிள்ளதான்.

அதுக்காவ கடன் குறைஞ்சிராது.
மறுநாள் ஒம்பதேகாலுக்கு வேற குரல், ஆம்பள.
டம்ளரு ஆடிச்சு, நானும் ஆடினேன்.
ஆனா லீலாட்ட சொல்லிட்டேன், எவ்வளவுன்னு.
முழுத் தொகையும்.
அவ ஒண்ணும் சொல்லல,
டம்ளரத் தூக்கி அடுக்களையில வச்சா.

மாத்திர எழுதுங்க, வேண்டாம்னு சொல்லல.
தூக்கம் வாரதுன்னா மட்டும் வேண்டாம்,
நாளைக்கு ஆறாம் நம்பர் தூண்ல கிரீஸ் வேல.
காத்து ஒம்பதுதான்னு போட்டிருக்கு.